விலை கூறினான் வேந்தன். வேடிக்கை பார்த்தது ஊர்!

காசி நகரத்துக் கடைவீதி. மன்னனாக இருந்தவன் நிற்கிறான், மனைவி நிற்கிறாள், மகன் நிற்கிறான். கடன் கேட்டு வந்தவன் நிழல்போல் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். "அடிமை வேண்டுமோ, அடிமை!" என்று கூவுகிறான், தாலி கட்டிய கணவன். விலை பேசுகிறார் வேதியர் ஒருவர். பேரம் முடிகிறது. பெண் கைமாறுகிறாள், பிள்ளையும் கைமாறுகிறான். திரை இறங்குகிறது. கொட்டகையெங்கும் விம்மல்! தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கின்றனர். பெரியவர்கள், "சத்தியசந்தன்! சத்தியசந்தன்!" என்று தலையை ஆட்டுகின்றனர்.

அரிச்சந்திரன் கதைதான் இது. வீரகவிராயர் இதைப் புராணமாகப் பாடினார். ஊர்தோறும் கூத்தாக ஆடினர். 1913ஆம் ஆண்டில் வெளிவந்த, இந்தியாவின் முதல் முழுநீளப் படத்துக்கும் இதுவே கதை. 1968இல் சிவாஜி கணேசன் நடிக்கத் தமிழ்த் திரையிலும் வந்தது. இளமையில் இந்நாடகத்தைக் கண்டு தாம் உருகியதைக் காந்தியார் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பொய் சொல்லா மன்னன் என்று புகழட்டும். அதுபற்றி இங்கே வழக்கில்லை. நான் கேட்பது வேறொரு கேள்வி. அந்தக் கடைவீதியிலே அன்று எத்தனை பேர் இருந்தனர்? வணிகர் இருந்தனர், வழிப்போக்கர் இருந்தனர், கங்கையில் மூழ்கிப் பாவம் தொலைத்து வந்த பக்தர்கள் இருந்தனர், நகரைக் காக்கும் காவலரும் இருந்திருப்பர். பெண்ணையும் பிள்ளையையும் ஒருவன் ஏலம் கூறுகிறான். "ஏனையா இந்த அநியாயம்?" என்று கேட்டவர் யார்? அரண்மனை வாயிலுக்கு ஓடியவர் யார்? ஒருவருமில்லை! புராணம் பாடிய புலவர் அப்படியொருவரைப் படைக்கவில்லை. நாடகம் எழுதியோர் படைக்கவில்லை. படம் எடுத்தோரும் படைக்கவில்லை. விற்பவனுக்கு வசனம் உண்டு. வாங்குபவனுக்கு வசனம் உண்டு. விலைபோகிறவளுக்குப் பாட்டும் உண்டு. பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மட்டும் வாயில்லை!

அந்த வாயில்லாதவனைப் பற்றியதே இக்கட்டுரை.

கதையைப் பிரித்துப் பாருங்கள். முதலில் கடன். பிறகு, கடனை வசூலிக்கக் கூடவே வரும் நட்சத்திரேசன். எங்கே சென்றாலும் விடாதவன், தரகனுக்கு முன்னோன். அடுத்து, ஊர்மாற்றம். அயோத்தியில் இருந்தால் ஆயிரம் பேர் அறிவர்; காசியில் கேட்பார் இல்லை. பிறகு, காலகண்டன் வீடு. அங்கே வேலைக்கு வரையறை இல்லை, ஓய்வு இல்லை, ஊதியம் என்ற சொல்லே இல்லை. தர்ப்பை பறிக்கச் சென்ற பிள்ளை பாம்பு தீண்டி மாண்டான் என்று செய்தி வருகிறது. பெற்றவள் பதறுகிறாள். "வேலையை முடித்துவிட்டுப் போ" என்கிறான் விலை கொடுத்தவன். போகும் உரிமை அவளுக்கில்லை. கடன், தரகு, அயலூர், அடைப்பு, ஊதியமின்மை. இன்று ஆள்கடத்தல் என்றும் கொத்தடிமை என்றும் காவல் நிலையத்தில் எழுதப்படும் வழக்குகளின் எலும்புக்கூடு இதுவேயன்றோ!

"சந்திரமதி தானே இசைந்தாள், பதியின் வாய்மைக்காகப் பத்தினி செய்த தியாகம் அது" என்று பண்டிதர் கூறுவர். இசைவாம்! கடன்காரன் கழுத்தை நெரிக்கும்போது, கணவனே கூவும்போது, கைப்பிள்ளை பசித்திருக்கும்போது பிறக்கும் இசைவு, இசைவாகுமா? இந்தக் கேள்விக்குப் புராணம் விடை தரவில்லை, சட்டம் தந்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு 2013இல் திருத்தி எழுதப்பட்டது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவாக விளங்குகிறது. மிரட்டியோ, ஏமாற்றியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ, ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டுவதற்காகச் சேர்ப்பதும் கொண்டுசெல்வதும் ஒளித்து வைப்பதும் ஒப்படைப்பதும் பெற்றுக்கொள்வதும் குற்றம். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டன்று என்றும் அப்பிரிவு உரைக்கிறது. தண்டனை ஏழாண்டுக்குக் குறையாது. விற்கப்பட்டவர் சிறுவரானால் பத்தாண்டுக்குக் குறையாது.

கதையின் முடிவு என்ன? தேவர்கள் தோன்றுகின்றனர், மாண்ட மகன் எழுகிறான், இழந்த நாடு மீள்கிறது, எல்லாம் சோதனை என்று அறிகிறோம். இதுதான் தீங்கு. துன்பம் சோதனை என்றால், தடுப்பவன் தெய்வத்தின் திருவிளையாடலைக் கெடுத்தவன் ஆகிறான்! கடைவீதியில் நின்றவன் வாயை மூடியது விதி என்னும் பூட்டு. கொட்டகையில் அழுத நாமும் அதே பூட்டைப் பூட்டிக்கொண்டே வீடு திரும்புகிறோம்.

"கதைதானே! கதையோடு மல்லுக்கு நிற்பானேன்?" என்று கேட்கலாம். காசியை விடுவோம், கதையையும் விடுவோம். நம் நாஞ்சில் நாட்டுக்கு வருவோம்.

தோவாளை வட்டத்து அழகியபாண்டியபுரத்தில், பெரியவீட்டு முதலியார் இல்லத்துப் பரணிலே கட்டுக்கட்டாக ஓலைகள் கிடந்தன. அவற்றைத் தேடிச்சென்று படித்து ஆராய்ந்தவர், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. பின்னாளில் முதலியார் ஓலைகளைப் பதிப்பித்து விளக்கியவர், ஆய்வாளர் அ. கா. பெருமாள். நிலம் விற்ற ஓலைகள் உண்டு அவற்றில். நீர்ப்பங்கு பேசிய ஓலைகள் உண்டு. ஆளை விற்ற ஓலைகளும் உண்டு! வயலும் வரப்பும் போலவே மனிதனும் எழுத்தில் ஏறி, விலை பேசப்பட்டு, கைமாறியிருக்கிறான். புராணம் அல்ல இது; பத்திரம்.

பத்திரம் என்றால் சாட்சி வேண்டும். விற்றவன் எழுதிக் கொடுப்பான், வாங்கியவன் பெற்றுக்கொள்வான், அறிந்தவர் சிலர் சாட்சியாகக் கையெழுத்திடுவர். ஆள்விற்பனை இருளில் நடக்கவில்லை. ஊரறிய, ஊரார் கையெழுத்தோடு நடந்தது. காசியில் வேடிக்கை பார்த்தது ஊர். இங்கே கையெழுத்துப் போட்டது ஊர். பார்த்தவனுக்கு வாய் இல்லாவிட்டாலும் எழுத்தாணி இருந்தது!

திருவிதாங்கூரில் 1812இல் இராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வாணிகத்தைத் தடை செய்தார். ஆயினும் உழவுக்கென நிலத்தோடு பிணைக்கப்பட்ட மக்களை அத்தடை காக்கவில்லை. நாகர்கோவிலில் 1820களில் மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்தார். அடிமைப் பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தம்மைத் தாமே விலைகொடுத்து மீட்டுக்கொண்டனர். தன்னை வாங்கத் தானே காசு சேர்க்கும் கொடுமையை எண்ணிப் பாருங்கள்! 1847இல் பாதிரிமார்கள் அடிமைகளின் நிலையை எழுதி மன்னரிடம் விண்ணப்பம் வைத்தனர். 1855இல் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது என்று அரசாணை பிறந்தது. தானே கனிந்ததா அரசின் நெஞ்சம்? இல்லை. பார்த்தவர் பேசினர், பேசியதை எழுதினர், எழுதியதை உரிய இடத்தில் சேர்த்தனர்.

இலக்கியத்தில் அப்படிப் பேசியவர் தமிழில் இல்லையா? இருக்கிறார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்! பத்து ரூபாய்க்கும் ஒரு பழஞ்சேலைக்கும் தாசி ஒருவரிடம் குழந்தைப் பருவத்தில் விற்கப்பட்டவர் அவர். விற்கப்பட்ட அந்தப் பெண்ணே வளர்ந்து, மேடை ஏறி, பேனா பிடித்து, 1936இல் "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்" என்னும் நாவலைத் தந்தார். தரகர் யார், தந்திரம் எது, குழந்தை எப்படிப் பழக்கப்படுகிறது, பணம் எவர் பைக்குச் செல்கிறது என்பவற்றை உள்ளிருந்து கண்டவர் கூறிய நூல் அது. சந்திரமதி அழுதாள், இராமாமிர்தம் சாட்சி சொன்னார். தமிழ்க் கதையுலகில் இது பெரிய திருப்பம்.

ஆயினும், நம் இயக்கத்து நூல் என்பதற்காகக் குறையை மறைப்பது பகுத்தறிவாகாது. நூலின் தலைப்பையே பாருங்கள். வலை யாருடையது? "தாசிகள்" வலை என்கிறது தலைப்பு. மதி பெற்றவர் யார்? மைனர். வலையில் முதலில் விழுந்தது அந்தப் பெண்தானே! ஐந்து வயதில் விலைபோனவள், பதினெட்டு வயதில் மோசக்காரி ஆகிறாள் எனில், அவளுக்கு முன்னே வலை பின்னியவன் ஒருவன் இருக்கவேண்டும். அம்மையார் அதை அறியாதவரல்லர். அவர் வாழ்வே அதற்குச் சான்று. ஆனால், மைனரின் சொத்து பறிபோவதைக் கண்டு பதறும் வாசகனை நோக்கி எழுதியதால், நூலின் பரிவு பல இடங்களில் மைனர் பக்கம் சாய்கிறது. இன்றும் நடப்பது அதுவே. விடுதியில் சோதனை என்றதும் பெண்ணின் முகத்தைப் படம் பிடிக்க விரைகின்றனர்; தரகனின் பெயரை விசாரிக்க எவரும் விரைவதில்லை. சுசீந்திரம் உட்படத் தென் திருவிதாங்கூர்க் கோயில்களில் தேவதாசி முறை 1930இல் ஒழிந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் வந்தது. முறை ஒழிந்தது, பார்வை ஒழியவில்லை.

அடுத்து ஒரு நூல், ஒரு படம். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், 1969இல் "ரெட் டீ" என்னும் நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் அதை "எரியும் பனிக்காடு" என்று தமிழாக்கினார். நெல்லைச் சீமைச் சிற்றூருக்கு மேஸ்திரி வருகிறான், முன்பணம் தருகிறான், மலையிலே பொன் விளைகிறது என்கிறான். நம்பிச் சென்ற கறுப்பனும் வள்ளியும், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் வாங்கியதைவிடக் கடனே மிகுதி! ஓடினால் பிடித்து வந்து அடி. அந்த இருளிலே நாவலாசிரியர் ஒரு மருத்துவரைப் படைத்தார். சாவை எண்ணுகிறவர் அவர், காரணம் கேட்கிறவர், தோட்டத் துரைகளோடு வாதாடுகிறவர். பார்த்தவனுக்கு வாய் கொடுத்த நூல் இது.

2013இல் இயக்குநர் பாலா இந்நாவலைத் தழுவிப் "பரதேசி" எடுத்தார். வசனம், நம் மண்ணின் எழுத்தாளர் நாஞ்சில் நாடன். துயரத்தைக் காட்டுவதில் அப்படத்துக்கு இணை குறைவு; கங்காணியின் வஞ்சகமும் கணக்குப் புத்தகத்தின் கொடுமையும் கண்முன் நிற்கின்றன. ஆனால், அந்த மருத்துவர் எங்கே? நாவலில் நீதி கேட்டவர், படத்தில் நோயாளிகளின் நடுவே ஆடிப்பாடி மதம் பரப்புகிற வேடிக்கை மனிதராகிவிட்டார்! மதப் பிரசாரத்தைச் சாடுவதில் நமக்குத் தடையில்லை. ஆனால் சாடுவதற்கென்று, கதையில் பேசத் துணிந்த அந்த ஒருவரையே பலியிட்டது என்ன கலை? அவர் போனதும் படத்தில் மிஞ்சுவது ஓலம் மட்டுமே. காசிக் கடைவீதிக்கே மீண்டும் வந்துவிட்டோம்: அழுவதற்கு ஆளுண்டு, சொல்வதற்கு ஆளில்லை.

சொல்வதால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு இரண்டு சான்றுகள். 1781இல் "சோங்" என்னும் கப்பலில் இருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் உயிரோடு கடலில் வீசப்பட்டனர். "சரக்கு இழப்பு" என்று காப்பீட்டுப் பணம் கேட்டனர் கப்பல்காரர்கள். 1783இல், முன்னாள் அடிமையான ஒலாடா இக்குவியானோ அச்செய்தியைக் கேட்டார், விதியே என்றிருக்கவில்லை, கிரான்வில் ஷார்ப் என்னும் சீர்திருத்தக்காரரின் கதவைத் தட்டினார். அந்தத் தட்டல் இங்கிலாந்தையே எழுப்பியது. அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சட்டம் 1807இல் அங்கே வந்தது. நம் நாட்டில், பரீதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகள் வதைபடுவதை விவரித்து, பந்துவா முக்தி மோர்ச்சா என்னும் அமைப்பு 1982இல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. வழக்கறிஞர் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, கடிதம்தான். நீதிபதி பகவதி அமர்ந்த மன்றம் அதையே மனுவாக ஏற்று விசாரித்தது. கொத்தடிமைகளைக் கண்டறிந்து மீட்கவும் மறுவாழ்வு தரவும் அரசுக்குக் கட்டளையிட்டது.

இன்று நம்மிடம் கடிதத்தினும் விரைவான கருவிகள் உண்டு. ஆனால் ஒரு மனத்தடையும் உண்டு: "நமக்கேன் வம்பு?" உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது நம் பழமொழி. அண்டை வீட்டுப் பெண் ஆறு மணிக்குமேல் வந்தால் அந்த வாய் மூடாது. அதே பெண்ணை, நகரத்தில் நல்ல வேலை என்று எவனோ அழைத்துச் சென்று ஆறு திங்கள் செய்தி இல்லையென்றால், அந்த வாய் தானே மூடிக்கொள்கிறது! பள்ளியிலே வருகைப் பதிவேட்டைப் புரட்டும் என் போன்றோரும் இதில் விலக்கல்லர். தொடர்ந்து வராத மாணவியின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போடுமுன், "எங்கே போனாள்?" என்று வீடுவரை சென்று கேட்பது ஆசிரியன் கடமை. கேளாமல் போடும் கோடு, பழைய ஓலையில் இட்ட சாட்சிக் கையெழுத்துக்கு ஒப்பானது.

ஏமாறுபவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் மட்டுமே என்று எண்ணாதீர். பட்டம் பெற்ற தமிழ் இளைஞர்களைக் கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுசென்று, இணையவழி மோசடி செய்யுமாறு அடைத்து வைத்தனர். உள்ளிருந்தவர்கள் செய்தி அனுப்பினர், அரசுகள் அசைந்தன, 2022 அக்டோபரில் 13 தமிழர் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் 549 இந்தியர் விமானப்படை விமானங்களில் மீட்டு வரப்பட்டனர். வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்பவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். "உம் பதிவெண் என்ன?" என்று பயணத்துக்கு முன்னே கேட்கும் ஒரு கேள்வி, பின்னே வரும் நூறு கண்ணீர்க் கடிதங்களைத் தவிர்க்கும்.

ஐயம் எப்போது எழவேண்டும்? முன்பணம் தீரும்வரை வெளியேறக்கூடாது என்றால். ஆதாரோ கடவுச்சீட்டோ முதலாளி பெட்டியில் இருந்தால். கூலி கைக்கு வராமல் கணக்கிலேயே கழிந்தால். கேட்ட கேள்விக்கு அவர் வாய் திறக்குமுன் வேறொருவர் விடை சொன்னால். பள்ளி வயதுப் பிள்ளை சூளையிலோ பட்டறையிலோ வீட்டு வேலையிலோ இருந்தால். வேறு மொழி பேசுகிறார் என்பது மட்டும் ஐயத்துக்குக் காரணமாகாது. பிழைக்க வந்த தொழிலாளி குற்றவாளி அல்லர்; சில வேளைகளில் அவரே பாதிக்கப்பட்டவர்.

எங்கே சொல்வது? உடனடி ஆபத்து எனில் 112. குழந்தை எனில் 1098. பெண் எனில் 181. குற்றம் எந்த ஊரில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. கொத்தடிமை எனில், 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடமும் கோட்ட அதிகாரிகளிடமும் எழுதிக் கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் கோட்ட அலுவலகங்கள் உள்ளன. அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன் தலையிலேயே சுமத்துகிறது. ஆகவே, முழு ஆதாரத்தோடு வந்தால்தான் பேசவேண்டும் என்று தயங்க வேண்டா. ஐயம் தீர்ப்பன்று, விசாரிக்கச் சொல்லும் வேண்டுகோள். எங்கே, எத்தனை பேர், எப்போது, எதைக் கண்டீர் என்பவற்றைக் கண்டபடியே சொன்னால் போதும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. தனியே சென்று தரகனோடு சண்டையிட வேண்டா. மறுநாளே அவன் அவர்களை வேறிடம் மாற்றிவிடுவான். பாதிக்கப்பட்டவரின் படத்தையும் பெயரையும் ஊரெங்கும் பரப்ப வேண்டா. இரக்கப்பட்டு விலை கொடுத்து மீட்கவும் வேண்டா. அன்று பின்னல் பின்னிய பெண்களுக்குச் சட்டம் துணையில்லை. அதனால் விலை கொடுத்தனர். இன்று நாம் கொடுக்கும் விலை, அடுத்த பெண்ணை வாங்க அவனுக்கு முதலாகும்.

மீட்டபின்? அங்கேதான் நம் கதைகள் எல்லாம் "சுபம்" போட்டுவிடுகின்றன. மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்தவேண்டும். கொத்தடிமைக்கு விடுதலைச் சான்று தரவேண்டும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், மறுவாழ்வுக்கென ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் சிறுவருக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தவருக்கு 3 லட்சம் என்றும் மைய அரசின் திட்டம் கூறுகிறது. வழக்குக்குப் பணமில்லையெனில் 15100 என்னும் எண்ணில் சட்டப்பணிகள் ஆணையம் உண்டு. இவை எவையும் வானிலிருந்து பொழியா. யாரேனும் உடன் சென்று, மனு எழுதி, மறுமுறையும் சென்று கேட்டாலொழிய, சான்று மேசையிலேயே உறங்கும்; மீண்டவர் பசி தாளாமல் அதே தரகனிடம் திரும்புவர். ஆகவே, உடன் செல்வதும் சாட்சியின் வேலைதான்.

மன்றங்களிலும் படிப்பகங்களிலும் நாடகம் போடும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரிச்சந்திரனைக் கேலி செய்து பத்து நாடகம் போட்டாயிற்று, போதும். இனி ஒரு நாடகம் எழுதுங்கள். அதிலே கடைவீதி இருக்கட்டும், கடன்காரன் இருக்கட்டும், கூவுபவனும் இருக்கட்டும். கூட்டத்திலிருந்து ஒரு பூக்காரியோ, ஒரு பள்ளி மாணவனோ முன்னே வந்து, "நிறுத்து! காவல் நிலையத்துக்குச் செய்தி போயிற்று" என்று சொல்லட்டும். அதற்கப்புறம் அந்தத் தாயும் மகனும் எங்கே தங்கினர், எப்படிப் பிழைத்தனர், வழக்கு எப்படி நடந்தது என்பதையும் இரண்டு காட்சிகளில் காட்டுங்கள். நாடகம் முடிந்ததும், கொட்டகை வாயிலில் 112, 1098, 181 என்னும் எண்களைப் பெரிதாக எழுதி வையுங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறும் தாய்மார்கள் அவற்றைப் படித்துவிட்டுப் போகட்டும்.